குக்கர் சாராயமும் காரீய நஞ்சும்

2020 ஏப்ரலில் ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் பூட்டிக் கிடந்தபோது, தமிழ்நாட்டின் பல ஊர்களில் பிரஷர் குக்கர்தான் சாராய அடுப்பில் ஏறியது. யூடியூப்பைப் பார்த்துக் குக்கரில் குழாய் செருகிக் காய்ச்சியவர்கள் கைதான செய்திகள் அடிக்கடி வந்தன. கடைகள் திறந்ததும் செய்திகள் ஓய்ந்தன. “நாமே காய்ச்சினால் கலப்படம் இருக்காது” என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் துணிகிறார்கள்.

கருணாபுரத்தில் கொன்றது எது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20 பேருக்கு மேல். இரண்டிலும் கொன்றது மெத்தனால், அதாவது ஆலைகளில் புழங்கும் கரைப்பான். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உருவாவதில்லை. பழ ஊறலில், பழத்திலுள்ள பெக்டின் சிதைவதால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். கொத்துக்கொத்தாகச் சாவு விழுவது, ஆலைச் சரக்கை வாங்கி யாரோ கலக்கும்போதுதான்.

இதை வைத்து ஒரு கைவைத்தியமும் உலவுகிறது: முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் நஞ்சு போய்விடுமாம். மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் சுமார் 78 டிகிரியிலும் கொதிப்பவை என்பது சரிதான். ஆனால் தண்ணீரோடு கலந்து கொதிக்கும்போது அவை வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுவதில்லை. கடைசித் துளிவரை மெத்தனால் கலந்தே வரும். பற்றவைத்துச் சுடரின் நிறம் பார்ப்பதும் வீண். மெத்தனால் கலந்த சாராயமும் நீலமாகத்தான் எரியும்.

பாத்திரத்திலிருந்து இறங்குவது

மெத்தனாலைப் பற்றியாவது நாளிதழில் படிக்கிறோம். காரீயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தனைக்கும் இது முந்நூறு ஆண்டுப் பழைய சங்கதி. ரம் குடித்தவர்களுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வருவதைக் கண்டு, காரீய மூடியும் காரீயக் குழாயும் வைத்து வடிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1723இலேயே சட்டம் போட்டார்கள். அதே நாட்டின் அலபாமா மாநிலத்தில் 1990-91இல் மருத்துவமனைக்கு வந்த கள்ளச்சாராயக் குடியர்கள் சிலரின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. அங்கே காய்ச்சுபவர்கள் ஆவியைக் குளிர்விக்கப் பழைய கார் ரேடியேட்டரைப் பயன்படுத்தியதே காரணம்.

ரேடியேட்டரின் இணைப்புகளைப் பற்றவைக்கும் கலவையில் காரீயம் உண்டு. புளித்த ஊறலிலிருந்து ஆவியோடு அமிலமும் ஏறி, சூடாக அதன் வழியே வரும்போது காரீயத்தைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. ரேடியேட்டரில் முன்பு ஊற்றிய கூலன்ட்டின் எச்சமும் கூடவே வரலாம். வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. மலச்சிக்கலோடு முறுக்கும் வயிற்றுவலி, இரத்தசோகை, மணிக்கட்டு தொய்தல், சிறுநீரகக் கோளாறு, சிலருக்கு வலிப்பு என்று மெல்ல மெல்லத் தலைகாட்டும். எலும்பில் படிந்த காரீயம் பல்லாண்டு தங்கும். குடிகாரனுக்கு வயிற்றுவலி வராமலா இருக்கும் என்று வீட்டார் விட்டுவிடுவதும் நடக்கிறது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் காரீயத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வடிப்பு அமைப்பைப் “பெரிசாக்கும்” ஆசை வந்தால் பாத்திரம் மட்டும் பெரிதாவதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த ரசாயனப் பேரல், முன்பு என்ன ஓடியதென்று தெரியாத குழாய், கைக்குக் கிடைத்த பற்றவைப்பு எல்லாம் அதில் சேர்கின்றன. (வீட்டு ஈயச் சொம்புக்காரர்கள் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம். ஆனால் காரீயக் கலப்பு இல்லாததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.)

அடுப்பும் ஆவியும்

காற்றில் 3.3 சதவீதம் எத்தனால் ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். குழாய் அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கும். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிக்க நியூசிலாந்து 1996 முதல் அனுமதிக்கிறது; அங்கேயும் ஆவி இப்படித்தான் பற்றும். இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி காய்ச்சுவதே குற்றம்.

பார்வை மங்கினால்

மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் போதை தெளிந்து ஆள் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பிறகு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பனிமூட்டம் போல் மங்கும் பார்வை. அந்த அமிலம் கண் நரம்பைத்தான் குறிவைக்கும். அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஒரே சரக்கைக் குடித்த மற்றவர்களையும் அழைத்துப் போங்கள். மீதிச் சரக்கு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். மாற்று மருந்தும் டயாலிசிஸும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்குக் கண்ணும் உயிரும் தப்பும். எத்தனாலே முறிமருந்து என்று கேள்விப்பட்டு வீட்டில் பிராந்தி ஊற்றாதீர்கள். அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியது அது.

நிறுத்த முடியாதவருக்கு

ஊரடங்கில் குக்கரை நாடிய எல்லோரும் ஆசைக்காக நாடவில்லை. தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த இரண்டு நாளில் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும். இதில் உயிரும் போவதுண்டு. இதற்கு டயஸெபாம் போன்ற மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை கிடைக்கும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104இல் கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.