கற்குழியில் ஒரு கானகம்

2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி நமது கடற்கரையைச் சூறையாடிய ஆழிப் பேரலை, அன்றே சமுத்திரத்தைக் கடந்து ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையையும் தொட்டது. அதில் கென்யா தேசத்து நீர்யானைக் குட்டியொன்று கூட்டத்தைப் பிரிந்து தவித்தது. அதை மீட்டு ஒரு வனத்தில் விட்டார்கள். அங்கே ஒரு கிழ ஆமையைத் தாயாகப் பாவித்து அது ஒட்டிக்கொண்டதை, நேயர்களில் பலர் படத்தில் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள். நாமும் மகிழ்ந்தோம், ஆனால் அந்த வனத்தின் பூர்வோத்தரத்தை அப்போது விசாரிக்கவில்லை. விசாரித்த பிறகோ, நீர்யானையின் கதை நமக்குச் சாதாரணமாகி விட்டது.

மொம்பாசா நகருக்கு வடக்கே பம்புரி என்று ஓர் ஊர். 1954-ம் வருஷம் முதல் அங்கே சிமெண்டு ஆலைக்காகப் பவழச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்தார்கள். மேல்மண் முழுவதும் போயிற்று. மிஞ்சியது வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெறும் கல் தரை. அதற்குச் சற்றுக் கீழே உப்புத் தண்ணீர். 1971-ல் ரெனே ஹாலர் என்னும் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தவர் இந்தக் குழியில் மரம் வளர்க்கத் துணிந்தார். 26 வகை மரங்களை நட்டுப் பார்த்ததில், பிழைத்தவை மூன்றே வகை. அவற்றுள் முதலிடம் பெற்றது, நம் கரையோரங்களில் விறகுக்காகவும் கொம்புக்காகவும் பயிரிடுகிறோமே, அந்தச் சவுக்கு!

கல்லிலே நின்ற சவுக்கு எதைத் தின்று வளர்ந்தது?

பயிர்களுக்கு இன்றியமையாத தழைச்சத்து என்பது நைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுதான். இருந்தும், பூட்டிய களஞ்சியத்தின் வாசலில் பசியோடு நிற்பவன் கதிதான் செடிகளுக்கு. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பை அறுப்பதற்கு உரத் தொழிற்சாலைகளில் 400 டிகிரி அளவுக்கு உஷ்ணமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவையாகின்றன. சவுக்கின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ‘பிராங்கியா’ என்ற பாக்டீரியாவோ, அதே வேலையை ஓசையின்றி, மண்ணின் இயல்பான வெப்பத்திலேயே செய்து முடிக்கிறது. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. அது மரத்துக்குத் தழைச்சத்துத் தருகிறது. உளுந்து, பயறு ஆகியவற்றின் வேரில் வாழும் ‘ரைசோபிய’த்துக்கு இது தொழிலில் பங்காளி, குலத்தில் அன்னியம். வளர்ப்பதற்கு மகா கடினமான ஜீவன்! 1978-ல்தான் விஞ்ஞானிகள் இந்த இனத்தில் ஒன்றை முதன்முதலாக வேரிலிருந்து பிரித்து வளர்த்தார்கள். அதுவும் சவுக்கின் வேரிலிருந்து அன்று, அமெரிக்கச் செடி ஒன்றின் வேரிலிருந்து. நமது குடியானவர்களுக்கு இந்தப் பெயர்கள் அவசியப்படவில்லை. புது நாற்றங்காலில் பழைய சவுக்குத் தோப்பின் மண்ணைக் கலந்தாலே பிராங்கியா உடன் வந்து விடுகிறது.

மணிச்சத்தாகிய பாஸ்பரஸுக்கு வேறொரு விலங்கு. சுண்ணாம்பு நிலத்தில் அது கால்ஸியத்தோடு கட்டுண்டு கிடக்கும். மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள் அமிலங்களைக் கசிய விட்டு, அந்தக் கட்டைத் தளர்த்துகின்றன.

பம்புரியில் மரங்கள் ஓங்கின. ஆனால் காடு உண்டாகவில்லை! உதிர்ந்த சவுக்குச் சருகு மக்காமல் மெத்தை மெத்தையாகக் குவிந்தது. சருகிலுள்ள துவர்ப்புச் சத்தினால் பாக்டீரியாக்கள் அதில் எளிதில் வாய் வைக்க முடியவில்லை. காற்றிலிருந்து அரும்பாடுபட்டுச் சேர்த்த சத்தெல்லாம், கருமியின் பணம் போல் சருகிலேயே முடங்கியது. அப்போது ஹாலரின் கண்ணில் பட்டது ஒரு மரவட்டை. மழைக்காலத்தில் நம் வீட்டு வாசலில் சுருண்டு கிடப்பதை விளக்குமாற்றால் தள்ளி விடுகிறோமே, அந்த ஜாதிதான். அது சவுக்குச் சருகை நிதானமாக மென்று கொண்டிருந்தது. உடனே மரவட்டைகளைத் திரட்டிக் கொண்டுவந்து குழியில் விட்டார்கள். அவை சருகை அரைத்துத் தள்ளிய எச்சத்தில் பாக்டீரியாக்கள் சுலபமாகப் புகுந்தன. கல்லின் மேல் கறுப்பு மண் படியலாயிற்று. பின்னர் அந்நாட்டு மரங்களை அதில் நட்டார்கள்; பறவைகளும் வந்தன. 1984-ல் வனம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இருபது வருஷம் கழித்து நீர்யானைக் குட்டி வந்து சேர்ந்தது.

இவ்வளவும் நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமது அரியலூர்ப் பக்கத்திலும் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்கள். இத்தகைய குழிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை கன்றுகள் நட்டோம் என்ற கணக்கைத்தான் பெருமையாக எடுத்துக் காட்டுவது உலக வழக்கமாயிருக்கிறது. கல் வெட்டுமுன் வழித்தெடுத்த மேல்மண் எங்கே என்று கேட்பவர் சிலரே. கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பாளிகள் பெரும்பாலும் வாழ்வது அந்த மேல்மண்ணில்தான். அதை மலை போல் குவித்து வருஷக் கணக்கில் போட்டு வைத்தால், உள்ளே காற்றில்லாமல் அவற்றில் பெரும்பகுதி மடிந்து போகும். ஆகையால் ஒரு பக்கம் வெட்டும்போதே, வெட்டி முடித்த மறு பக்கத்தில் அந்த மண்ணைப் பரப்பி விடுவது உத்தமம். குழி தோண்ட அனுமதி கொடுப்பவர்கள், கன்றுகளை எண்ணுவதற்கு முன்னால் இந்த மண்ணை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கட்டும்.