யேல் வம்சாவளி

சென்னைச் சட்டக் கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் 2018ம் வருஷம் முதல் திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் பயின்று வருகின்றனர். அவர்கள் விட்டுச் சென்ற பழைய வளாகத்தில், ஹைக்கோர்ட்டை ஒட்டி, கூர்நுனிக் கோபுரத்தோடு பழைய கல்லறையொன்று நிற்கிறது. அதைப் பெயர்த்து வேறிடம் கொண்டு செல்லக் கோரி வழக்குத் தொடரப்பட்டு, 2023ல் தனி நீதிபதி ஒருவர் அவ்வாறே உத்தரவிட்டதை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். அதனுள் அடக்கமானவர் யாவர் என்று விசாரிக்கப் புகுந்த நமக்கு, ஆங்கிலக் குடும்பமொன்றின் வம்சாவளி அநேகமாக முழுவதும் கிடைத்துவிட்டது. வியப்படைந்தோம், சிறிது வெட்கமும் அடைந்தோம்.

அடக்கமானவர் இருவர். ஒருவர் 1680ல் காலமான கும்பினி உத்தியோகஸ்தர் ஜோசப் ஹின்மர்ஸ். மற்றொருவன் 1688ல் நான்கு வயது நிரம்புமுன் மாண்ட டேவிட் யேல் என்ற பாலகன். ஹின்மர்ஸின் விதவை காதரைனை எலிஹு யேல் என்பவர் 1680 நவம்பர் 4ந் தேதி கோட்டைக்குள் புதிதாய் எழும்பிய புனித மேரி ஆலயத்தில் மணந்தார். அவ்வாலயத்தின் விவாகப் பதிவேட்டில் அதுவே முதல் பதிவு. அவர்களுடைய மகனே டேவிட். தாயின் முதற் கணவருக்கருகிலேயே பிள்ளையைப் புதைத்தனர்.

எலிஹுவின் முன்னோர் வேல்ஸ் தேசத்து ரெக்ஸம் பக்கத்தவர். பாட்டனார் தாமஸ் யேல் இறந்தபின் பாட்டி மறுமணம் செய்துகொண்ட தியாபிலஸ் ஈட்டனே அமெரிக்காவில் நியூஹேவன் குடியேற்றத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர். அவருடன் அக்கரை சேர்ந்த குடும்பத்தில், 1649ல் பாஸ்டன் நகரில் எலிஹு பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து திரும்பி, 1672ல் வருஷம் பத்துப் பவுன் சம்பளத்துக் குமாஸ்தாவாகச் சென்னை வந்து, 1687ல் கவர்னரானார். 1692ல் பதவி பறிபோயிற்று. 1699ல் அவர் கப்பலேறியபோது உடன் சென்ற செல்வமோ அளவிறந்தது. பத்துப் பவுன் சம்பளத்தில் அது சேர்ந்ததென்று எந்த வக்கீலும் ருசுப்படுத்த இயலாது!

புத்திரிகளில் ஒருத்தி நார்த் குடும்பத்திலும், மற்றொருத்தி டெவன்ஷயர் பிரபுவின் மைந்தர்க்கும் வாழ்க்கைப்பட்டனர். வைர வியாபாரி ஒருவரின் விதவையான ஹியரோனிமா டி பைவா என்ற மாதிடம் பிறந்த சார்லஸ், நன்னம்பிக்கை முனையில் இளமையிலேயே இறந்தான். ஆண் சந்ததி அற்றது. பெயர் மட்டும் அறவில்லை. 1718ல் கனெக்டிகட்டிலிருந்த ஒரு பள்ளிக்கு 417 புத்தகங்களும், ஒன்பது மூட்டைச் சரக்கும், மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கு விற்று ஏறக்குறைய 562 பவுன் கிடைத்தது. அம்மூட்டைகளில் மஸ்லினும் காலிக்கோவும் இருந்தன. அப்பள்ளியே இன்றைய யேல் சர்வகலாசாலை.

இது ஒரு பக்கத்துக் கணக்கு. மறு பக்கமும் அதே கோட்டைக் குறிப்புகளில் இருக்கிறது. ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்ப வேண்டுமென்று தீர்மானித்த ஆலோசனைச் சபையில் எலிஹுவும் வீற்றிருந்தார். அந்தப் பத்துப் பேருக்குப் பதிவேடு ஏது? எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. ஆங்கிலேயர் மட்டும் இத்தொழில் செய்தாரல்லர். பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டிலிருந்து ஒல்லாந்தரும் ஆயிரக்கணக்கானோரைக் கடல் கடத்தினர். அவ்வூரில் ஒல்லாந்தரின் சித்திரக் கல்லறைகள் இன்றும் பேசுகின்றன. கடத்தப்பட்டோர்க்கு ஒரு கல்லும் இல்லை.

கல்லறையை அகற்றுவதில் நமக்குச் சம்மதமில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அருகில் அத்தீர்மானத்தைத் தமிழில் வெட்டிய கல்லொன்றும் நிற்கட்டும். கோட்டைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல அச்சிலும் வந்துள்ளன. அவற்றில் காசி வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை போன்ற பெருவணிகரின் பெயர்கள் தென்படும். நெய்தவரின் பெயரோ அரிது.

அவர்களுடைய சந்ததியைத் தேட வேறு வழியுண்டு. வக்கீல் தொழிலில் நாம் கண்ட பழைய கிரயப் பத்திரங்கள், இன்னார் பேரர், இன்னார் குமாரர் என்றே தொடங்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி நிலங்கள் கைமாறும்போது அப்பத்திரங்கள் பயனற்ற காகிதமாக எறியப்படுகின்றன. அப்பகுதி ஊழியர்கள் வீடுதோறும் சென்று அவற்றைப் பிரதி செய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பே தொடங்குவது நலம். பரணிலுள்ள பெட்டிகளில் கறையான் ஏறிவிடும்.