டூப்ளெக்ஸ் ஸ்டீலும் அழுகிய முட்டை வாயுவும்

எங்க ஓசூர், சூளகிரி பக்கப் பட்டறைகளில் டூப்ளெக்ஸ் ஸ்டீல் பற்றிக் கேட்டால், ‘அது துருவே பிடிக்காதுங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உப்புத் தண்ணீருக்கு அது பெரும்பாலும் சரி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கலந்த ‘சவர் கேஸ்’ என்றால் கதையே வேறு. மும்பைக் கடலின் பாசின் வயலிலிருந்து ஓஎன்ஜிசி-யின் ஹஜிரா ஆலைக்கு வருவது இந்த வாயுதான்.

டூப்ளெக்ஸுக்குள் ஃபெரைட், ஆஸ்டெனைட் என இரண்டு படிக அமைப்புகள், ஏறக்குறைய பாதிப் பாதி. அரிப்பு நடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் உருவாகும். சாதாரணமாக அவை ஜோடி சேர்ந்து வாயுவாகப் போய்விடும். சல்பைடு அதைத் தடுப்பதால், நிறைய அணுக்கள் உலோகத்துக்குள் புகுந்துவிடும். இழுவிசையும் சேர்ந்தால் ஃபெரைட் விரிசல் விடும். ஆஸ்டெனைட் ஓரளவு தாங்கும்.

அதனால்தான் ஐஎஸ்ஓ 15156 தரவிதி, 2205 போன்ற ரகங்களுக்கு ஹைட்ரஜன் சல்பைடின் பகுதி அழுத்தம் பொதுவாக 10 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது என்கிறது. சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 20.

வெல்டிங்கில்தான் வம்பே. சட்டென்று ஆறினால் ஃபெரைட் கூடிவிடும். ரொம்ப மெதுவாக ஆறினால் சிக்மா என்ற நொறுங்கும் அமைப்பு வந்துவிடும். அதனால் நான் சொல்வது இதுதான்: மில் சர்டிபிகேட்டோடு நிறுத்தாதீங்க. வெல்டில் ஃபெரைட் எத்தனை சதவீதம், கடினத்தன்மை எவ்வளவு என்றும் கேளுங்க.