கைபேசியில் ஒரு குறிப்பேடு

கைபேசிச் செயலி அமைக்கக் கற்க விழைவோர் முதலில் ஒரு குறிப்பேட்டை அமைத்துப் பார்ப்பது நன்று. எழுதுதல், சேமித்தல், திருத்துதல், நீக்குதல் ஆகிய வினைகளே அதற்குப் போதும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்னும் கருவித்தொகுதி விலையின்றிக் கிடைக்கிறது. கோட்லின் மொழியைக் கூகிள் நிறுவனம் 2017-இல் அதற்கென ஏற்றுக்கொண்டது. திரையை அழகுபடுத்துவதில் நெடுநேரம் செலவிட வேண்டா.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. எழுதிக்கொண்டிருக்கையில் அழைப்பு வருகிறது; செயலி பின்னணிக்குச் செல்கிறது. நினைவகம் போதாதபோது கைபேசி அதனை முடித்துவிடும். சேமியாத குறிப்பும் உடன் மறையக்கூடும். ஊருக்குப் பணம் அனுப்பிய கணக்கு அதில் இருந்தால்? ஆகவே, பொத்தானை நம்பியிராமல், செயலி திரையை விட்டு அகலும் கணத்திலேயே எழுதியதை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு மற்றுமொன்று. பட்டியலில் காட்டத் தலைப்பை எண்ணி வெட்டுவர். 'தமிழ்' நமக்கு 3 எழுத்து. யூனிகோடு முறையிலோ 5 குறிகள். நான்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என நிற்கும்! ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணுக்கு இப்பிழை அகப்படாது. மும்பையிலோ தில்லியிலோ உடன் பயிலும் நண்பர் இதனைச் சுட்டுவார் என எதிர்பார்த்தல் வீண். நீங்களே தமிழில் நாலு வரி உள்ளிட்டுப் பாருங்கள். எழுத்தின் எல்லை காணும் பிரேக் இட்டரேட்டர் என்னும் கருவி ஆண்ட்ராய்டிலேயே உண்டு. அதனைக் கொண்டு வெட்டினால் புள்ளி தன் எழுத்தோடு நிற்கும்.