உத்தரவாதம் முடியுமுன் ஒரு சோதனை



புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குவோர் கையில் சாவியுடன் ஒரு சிறு புத்தகமும் கொடுக்கப்படுகின்றது. வண்டியை நாள்தோறும் துடைத்து மினுக்குவோர் பலர்; அப்புத்தகத்தைப் பிரித்துப் படிப்போர் மிகச் சிலர். உத்தரவாதம் என்னும் பகுதி அதில்தான் அச்சாகியிருக்கின்றது. அதன் பொருள் யாது? இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், இவ்விரண்டில் எது முந்தி நிறைவுறுகின்றதோ அதுவரை, உலோகத்திலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறையை உற்பத்தியாளரே தம் செலவில் நீக்கித் தருவார் என்பதாம்.

'முந்தி' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் சென்று வரும் ஒருவருக்கு ஆண்டிற்கு 15,000 கிலோமீட்டர் ஆகிவிடுகின்றது. அவருடைய உத்தரவாதம் இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும். நாட்காட்டியை மட்டும் நம்பியிருப்பவர் ஓராண்டு ஏமாந்து போவார்.

இயந்திரங்கள் பழுதுறும் விதத்தைப் பொறியியலார் ஒரு வரைகோட்டால் காட்டுவதுண்டு. அது குளியல் தொட்டியின் வடிவில் இருக்கும். தொடக்கத்தில் பழுதுகள் மிகுதி. அவை பிறவிக் குறைகள். பின்னர் நெடுங்காலம் பழுதுகள் குறைவு. இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் மிகுகின்றன. உத்தரவாதம் ஏற்பட்டது முதல் வகைக்காகவே. பிரேக் கட்டை, கிளட்ச் தட்டு, டயர் முதலியன தேய்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பேற்பதில்லை, அஃது நியாயமே. ஆனால், பிறவிக் குறைகளிலும் சில முதல் ஆண்டில் வெளிப்படாமல் மெல்ல மெல்ல வளர்வன. பற்றவைப்பில் உள்ள நுண்ணிய வெடிப்பு, சரியாகப் பதம் பெறாத பேரிங், சற்றே கோணலாக அமர்ந்த ஆயில் சீல் ஆகியவை அத்தகையன. உத்தரவாதம் முடிவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் அல்லது 2,000 கிலோமீட்டர் இருக்கும்பொழுது நாம் தேடவேண்டியவை இவைதாம். கடைசி வாரம் வரை காத்திருத்தல் தகாது. உதிரிப் பாகம் வந்து சேரவே பல நாள் ஆகலாம்.

வண்டியை முதல்நாளே கழுவி உலர்த்தி, மறுநாட் காலை இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சோதனையைத் தொடங்குதல் நன்று. சூடேறிய இயந்திரம் பல குறைகளை மறைத்துவிடும். கிளப்பியவுடன் புகைக்குழாயைப் பாருங்கள். வெண்மையான ஆவி சிறிது நேரத்தில் மறைந்தால் அது வெறும் ஈரமே. நீலம் பாய்ந்த புகை தொடர்ந்து வருமாயின் எண்ணெய் எரிகின்றது என்று பொருள். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும்.

எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிக்க, என் போன்ற ஆசிரியருக்கு நாற்பதாண்டு பழகிய ஒரு பொருள் உதவும். அது சுண்ணக்கட்டி! கசிவு எங்கே பிறக்கின்றது என்று கண்ணால் காண்பது அரிது. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். அதன் எடையோ கீழ்நோக்கி இழுக்கும். ஆதலின், ஈரம் தெரியும் இடம் ஒன்று, ஊற்று வேறொன்று. இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, இணைப்புகளைச் சுத்தமாகத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளை மெல்லத் தூவுங்கள். காற்று வடிகட்டியின் பக்கம் தூள் போகாதிருக்கட்டும். பின்னர் வண்டியை நிறுத்தியபடியே சில நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டால், வெண்தூளில் ஒரு கரிய கோடு முளைக்கும். அதன் தலைப்பே கசிவின் பிறப்பிடம். அதைச் சூடாக இருக்கும்போது கைபேசியில் படம்பிடிக்கலாம், தொடக் கூடாது.

அடுத்து முன்பக்கம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நண்பர் ஒருவரைப் பின்புறம் அழுத்தச் சொன்னால் முன்சக்கரம் தரையை விட்டு எழும். கைப்பிடியை இக்கோடியிலிருந்து அக்கோடி வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். நேர் நடுவில் 'டக்' என்று ஒரு பிடிப்புத் தோன்றினால், பட்டறைக்காரர் கோன்செட் என்று கூறும் பேரிங்கில் குழி விழுந்திருக்கின்றது. ஏன் நடுவில்? நேர்ச்சாலையில் செல்லும்போது கைப்பிடி பெரும்பாலும் நடுவிலேயே நிற்கின்றது. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் குண்டுகள் அதே இடங்களைத் தாக்குகின்றன. பின்னர் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பற்றி முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பிடிமானம் தளர்ந்துள்ளது. விரைந்து செல்கையில் கைப்பிடி தன் போக்கில் ஆடத் தொடங்கினால் ஓட்டுபவரின் உயிருக்கே அபாயம் என்பதால், இச்சோதனையை எக்காரணத்தாலும் விடலாகாது.

இங்கே ஒரு வாதம் எழும். "இது தேய்மானம், குறையன்று" எனப் பட்டறையார் கூறலாம். உரிய காலத்தில் வண்டியைக் காட்டி முறுக்கம் சரிபார்த்ததற்குச் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் இருந்தால் நம் கட்சி வலுப்பெறும், இல்லையேல் மெலியும். கூடுதல் விளக்குக்காகக் கம்பிகளை வெட்டி ஒட்டியவர் மின்பகுதியைப் பற்றி வாதாடுவதும் அவ்வாறே கடினம்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகின்றேன். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் பழுது. சக்கரத்தைச் சுழற்றி, ஓரிடத்தில் அசையாமல் பிடித்த பென்சிலோடு ஒப்பிட்டால் கோணல் விளங்கும். கம்பிச் சக்கரமாயின் ஒவ்வொரு கம்பியையும் நாணயத்தால் தட்டுங்கள். மங்கிய ஓசை தருவது தளர்ந்த கம்பி. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. செயினின் தொய்வைச் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பல இடங்களில் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது அங்கே விரலைக் கொண்டுபோவது விரலை இழப்பதற்கு வழி. டிஸ்க் பிரேக்கை அழுத்துகையில் கைநெம்பு துடித்தால் தட்டு சீராக இல்லை. முழு மின்னேற்றம் பெற்ற பாட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடுகையில் அளவு 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயரவில்லையெனில் பாட்டரியைக் குறைகூறிப் பயனில்லை. மின்னேற்றும் பகுதியிலே பிழை. இறுதியாக, சட்டத்தின் பற்றவைப்புகளை விளக்கொளியில் பாருங்கள். வண்ணப்பூச்சைக் கீறிக்கொண்டு மெல்லிய துருக்கோடு ஓடினால் அது வெடிப்பாக இருக்கலாம். அவ்வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள், ஏற்றிச் செல்லுங்கள்.

கண்டதனால் மட்டும் பயன் விளைவதில்லை, எழுதப்பட வேண்டும். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் தம் வண்டியில் எண்ணெய் ஈரம் இருப்பதை மூன்று முறை பட்டறையில் வாய்மொழியாகக் கூறினார். மூன்று முறையும் அவர்கள் துடைத்து அனுப்பினர். உத்தரவாதம் முடிந்து சில நாளில் ஈரம் சொட்டாயிற்று. "முன்னர்ப் புகார் ஏதும் பதிவாகவில்லையே" என்றனர். அவர்கள் கூறியது பொய்யன்று. ஜாப் கார்டில் 'பொது சர்வீஸ்' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. அரைமாதச் சம்பளம் அவர் கையைவிட்டுப் போயிற்று.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். 'வண்டியில் சத்தம் வருகிறது' என்பது புகாராகாது. 'காலையில் குளிர்ந்த நிலையில் புறப்பட்டவுடன், மூன்றாம் கியரில், 40 கிலோமீட்டர் வேகத்தில், இடப்பக்கத்தில் உலோகம் உரசும் ஓசை எழுகின்றது. சூடேறியபின் மறைகின்றது' என்பதே புகார். இவ்வளவும் ஜாப் கார்டில் ஏற வேண்டும். தேதியும் ஓடிய தூரமும் இருக்க வேண்டும். படி ஒன்று நம் கைக்கு வர வேண்டும். ஏற்க மறுத்தால் அன்றே உற்பத்தியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடலாம். எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் செவிசாய்க்காவிடில் சட்டம் இருக்கின்றது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் முறையிடலாம். தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டிற்குள் மனு செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மனுக்கட்டணம் இல்லை. வண்டி வாங்கிய ஊருக்குப் போக வேண்டுவதுமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், வழக்கறிஞர் இன்றி நாமே பேசலாம். விலைச்சீட்டு, உத்தரவாதப் புத்தகம், ஜாப் கார்டுகளின் படிகள் ஆகியவற்றை மனுவுடன் இணைத்தல் வேண்டும்.