நூறு ரூபாய்க்கு 81 ரூபாய் 75 காசு

பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் கணக்கில் ஏறுவது 7 ரூபாய் 47 காசு. இருபதுக்கு 14.95. ஐம்பதுக்கு 39.37. நூறுக்கு 81.75. “மிச்சக் காசு எங்கேண்ணே?” என்று ரீசார்ஜ் கடைக்காரரிடம் மல்லுக்கு நின்ற தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. பாவம், அவர் எடுத்ததல்ல அது.

நூறு ரூபாயையே பிரித்துப் பார்க்கலாம். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றதும் பதினெட்டு ரூபாய் போயிருக்கும் என்று தோன்றும். ஆனால் நாம் நீட்டும் நூறு, வரியும் சேர்ந்த விலை. 118 ரூபாய் கொடுத்தால் அதில் 18 ரூபாய் வரி. அந்தக் கணக்குப்படி நூறு ரூபாயில் வரி 15 ரூபாய் 25 காசு. மீதி 84.75. அதில் மூன்று ரூபாய் ‘பிராசஸிங் ஃபீ’ என்று கம்பெனிக்குப் போகிறது. எஞ்சியதுதான் 81.75.

இந்த மூன்று ரூபாய்தான் எனக்கு உறுத்துகிறது. கட்டணம் பத்து சதவீதத்தையோ மூன்று ரூபாயையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பத்து ரூபாய் போடுகிறவர் ஒரு ரூபாய் இழக்கிறார். ஐந்நூறு போடுகிறவருக்கும் போவது மூன்றே ரூபாய். கால் கிலோ வாங்குகிறவருக்கே விலை ஏறுகிற மளிகைக்கடை நியாயம் இங்கேயும் செல்லுபடியாகிறது.

டாப்-அப் போடுகிறவர்கள் இப்போது குறைவு. எல்லாம் 28 நாள் பேக் காலம். 2024 ஜூலை விலையேற்றத்தில் 239 ரூபாயிலிருந்து 299-க்குத் தாவிய ஜியோ பேக்கை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் வரி 45 ரூபாய் 61 காசு. 28 நாளுக்கொரு முறை என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். ஆக, ஓர் ஆள் போனுக்காகக் கட்டும் ஜிஎஸ்டி சுமார் 593 ரூபாய். வீட்டில் நான்கு போன் இருந்தால் 2,300-க்கு மேல். வரி போக நிற்கும் 253 ரூபாயும் முழுசாகக் கம்பெனிக்கு இல்லை. வருவாயில் எட்டு சதவீதத்தை அது மத்திய அரசுக்கு உரிமக் கட்டணமாகக் கட்ட வேண்டும். கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கான நிதி அந்த எட்டுக்குள்தான் வருகிறது. உரிமக் கட்டணம் எந்த ரீசார்ஜ் ரசீதிலும் தனியாகத் தெரியாது.

போஸ்ட்பெய்டுகாரருக்கு மாதாமாதம் பில் வருகிறது. 399 ரூபாய் பிளான், வரி 71.82, மொத்தம் 470.82 என்று வரி தனி வரியில் நிற்கிறது. பார்த்தால் முணுமுணுக்கவாவது முடியும். ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் வியாபாரி, தொழிலுக்கான போன் என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பவும் கழித்துக்கொள்கிறார். இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ப்ரீபெய்டு. அவர்கள் பேசுவதற்கு முன்பே வரியைக் கட்டிவிடுகிறார்கள். பயன்படுத்தாமல் காலாவதியான டேட்டாவுக்கும் சேர்த்துத்தான். டாப்-அப் போட்டால் எவ்வளவு பிடித்தோம், எவ்வளவு ஏறியது என்று குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்பது 2012-இல் டிராய் கொண்டுவந்த விதி. அதே பிரிப்பைப் பேக்குக்கும் காட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை.

சேவை வரி என்பதே இந்தியாவில் தொலைபேசியை வைத்துத் தொடங்கியதுதான். மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது, 1994 ஜூலையில், தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்றுக்கும் 5 சதவீதம். அது 8, 10, 12 என ஏறி, 2009-இல் 10-க்கு இறங்கி, மறுபடி 12, 14 என்றாகி, தூய்மை பாரதத்துக்கு அரை, விவசாய நலனுக்கு அரை என்று இரண்டு செஸ்ஸோடு 15-இல் நின்றது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 18.

இதற்கிடையே சிம் கார்டு பொருளா, சேவையா என்றொரு வழக்கு பல வருடம் ஓடியது. பொருள் என்றால் மாநில விற்பனை வரி. சேவை என்றால் மத்திய வரி. இரண்டு அரசுகளும் கை நீட்டின. கேரளத்தில் எஸ்கோடெல் கம்பெனியின் வழக்கில், இரண்டையுமே போடலாம் என்று 2002-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006-இல் பிஎஸ்என்எல் வழக்கில் உச்ச நீதிமன்றம் மின்காந்த அலைகள் விற்பனைப் பொருள் ஆகாது என்றது. 2011-இல் ஐடியா வழக்கில், சிம்முக்குத் தனியாக விற்பனை வரி கிடையாது, அதன் மதிப்பு சேவைக்குள் அடங்கும் என்று முடித்துவைத்தது.

பாகிஸ்தானில் கதை இன்னும் காரசாரம். அங்கே 2018-இல் நூறு ரூபாய் கார்டு போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியும் கட்டணமுமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் 12.5 சதவீதம் முன்கூட்டிப் பிடித்த வருமான வரி! கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாமாம். வரி வரம்புக்குள்ளேயே வராத கூலித் தொழிலாளி எந்தக் கணக்கைத் தாக்கல் செய்வார்? தலைமை நீதிபதி சாகிப் நிசார் இதைத் தானாகவே வழக்காக எடுத்து, 2018 ஜூனில் பிடித்தங்களை நிறுத்திவைத்தார். நூறு போட்டவருக்கு நூறும் ஏறியது. அது பத்து மாதம்தான். 2019 ஏப்ரலில் நீதிமன்றமே அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. வரி திரும்ப வந்தது.

ப்ரீபெய்டில் அரசுகளைக் குடையும் இன்னொரு சங்கதி முகவரி. அமெரிக்காவில் செல்போன் வரி எந்த ஊருக்குப் போகும் என்பதை, வாடிக்கையாளர் பெரும்பாலும் எங்கே பயன்படுத்துகிறாரோ அந்த முகவரியை வைத்துத் தீர்மானிக்க 2000-இல் சட்டம் போட்டார்கள். பில்லே இல்லாத ப்ரீபெய்டு அதற்குள் வரவில்லை. 911 அவசர அழைப்பு மையங்களை நடத்தும் கட்டணத்தை ப்ரீபெய்டுகாரரிடம் எப்படி வாங்குவது என்று மாநிலங்கள் திணறின. கடைசியில் பல மாநிலங்கள் அதைக் கார்டு விற்கும் கடையின் கல்லாவிலேயே பிடிக்க ஆரம்பித்தன.

இங்கே ஜிஎஸ்டி சட்டம் வேறு வழி பிடித்தது. ரீசார்ஜ் விற்பனையாளர் வழியாகப் போனால், கம்பெனியின் பதிவேட்டில் இருக்கும் அவருடைய முகவரிதான் கணக்கு. இணைய வங்கி போன்ற மின்னணு வழியில் வாடிக்கையாளரே கட்டினால், அவருடைய முகவரி. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எடுத்த சிம், ஊர் முகவரி. திருப்பூரில் தெருமுனைக் கடையில் ரொக்கம் கொடுத்து 299 போட்டால், விற்பனையாளர் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் மாநிலப் பங்கான 22 ரூபாய் 80 காசு தமிழ்நாட்டுக்கு. அதே தெருவில் நின்று தன் போனிலிருந்தே யுபிஐ-யில் கட்டினால் அது பாட்னாவுக்கு. போனும் டவரும் இரண்டு தடவையும் திருப்பூரில்தான். இப்போது ரொக்கம் குறைந்து செயலிகள் பெருகிவிட்டன. சில செயலிகள் ஒன்றிரண்டு ரூபாய் ‘பிளாட்ஃபார்ம் கட்டணம்’ என்று தனியாக வேறு பிடிக்கின்றன.