அந்த ஸ்கேன் தாளைப் பீரோவில் வைக்காதீர்கள்

திருவக்கரை, மயிலம், வானூர் பக்கம் வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தவர் பலரின் தாளில், அடியில் ஒரு வரி இருக்கிறது: 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. வந்த வலி நின்றதும் தாள் பீரோவுக்குப் போய்விடுகிறது. சிலர் "நான் குடிக்கிறதே இல்லையே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் யாரோ சொன்ன பொடியையும் பெயர் தெரியாத டானிக்கையும் வாங்கிக் குடிக்கிறார்கள். மூன்றுமே ஆபத்து.

குடிக்காதவருக்கும் இந்த ஈரல் கொழுப்பு வரும். சோறும் சர்க்கரை போட்ட டீயும் கலர் பாட்டிலும் ஈரலுக்குள் உடையும்போது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் போன்ற இடைப்பொருட்கள் உண்டாகின்றன. அவை பெருகினால் சி.எச்.ஆர்.இ.பி.பி. என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, சர்க்கரையைக் கொழுப்பாக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கோசாகு உயேதா குழு 2001-ல் இதை அடையாளம் கண்டது. பட்டினி நேரத்தில் உண்டாகும் கீட்டோன்களும் ஏ.எம்.பி.யும் அதே புரதத்தை உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்திவைப்பதையும் அவர்களே எலி ஈரலில் காட்டினார்கள். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை இனிப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்தப் புரதத்துக்கு ஓய்வு ஏது? அதற்காகச் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் தாமாகப் பட்டினி கிடக்க வேண்டாம், மயக்கம் வரும்.

செய்ய வேண்டியது இது. ஸ்கேன் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ தொற்றா நோய்ப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணு எண்ணிக்கை, மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். "கொழுப்புதான், ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் நகராதீர்கள். 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு இந்த நோயைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. அங்கே இருப்பவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.

முடிவு வந்ததும் 'ஃபிப்-4' கணக்குப் போடச் சொல்லுங்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, தட்டணுவை ஆயிரத்தில் எடுத்து எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வந்த தொகையால் வகுப்பதுதான் அது. வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு 2,00,000 என்றால் 2.14. பொதுவாக 1.3-க்குக் கீழே இருந்தால் ஈரலில் தழும்பு விழுந்திருக்கும் அபாயம் குறைவு. 2.67-க்கு மேலே போனால் தாமதிக்கக் கூடாது. இடையில் நின்றால் ஈரல் தழும்பைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 35 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் இந்த எண்களை மருத்துவர்தான் படிக்க வேண்டும்.

முன்பு காட்டிய மருத்துவமனை உங்கள் பதிவுகளைத் தர மறுக்கிறதா? எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் ஒழுங்குமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் இப்போதே எடுத்து வையுங்கள். படுத்த பிறகு அலைய முடியாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதற்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, கூடவே குடும்ப அட்டை, ஆதார். இவற்றோடு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லை.

திரும்பவும் சொல்கிறேன், பொடி வேண்டாம். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோ. டீயில் சர்க்கரையையும் கலர் பாட்டிலையும் இன்றே நிறுத்துங்கள், தாளை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.